சுவரைப் பார்த்த நாற்காலி

போன வாரம் காது மிஷினுக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாட்டிவிட்ட ஹெட்போனின் பஞ்சிலிருந்து யாருடையதோ பழைய வியர்வை வாடை வந்தது. சோதனை செய்கிற பெண் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். இந்த வாடை, இந்த நாற்காலி இரண்டுமே எனக்குப் பழக்கம்.

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீட்டில் இருந்த காலம் அது. பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் அடிக்கிற அடியில் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சக்காரன் வேறு. யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவேன். தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கியது அப்படித்தான். பாதிப் பேச்சு என் காதில் விழவே இல்லை என்பது பக்கத்து மிஷின் மஞ்சுவுக்கு மட்டும் தெரியும். தளிப் பக்கத்துக்காரன், வீட்டில் கன்னடம், யாராயிருந்தாலும் அவனுக்குக் ‘குரு’தான். பக்கத்துச் சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கிய சேதிகூட அவன் காதோடு வந்து சொன்னால்தான் உண்டு எனக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் காது பார்ப்பார்கள். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பட்டனை அமுக்குவார்; ஹெட்போனில் சத்தம் வந்தால் கை தூக்க வேண்டும். தூக்காதவனுக்குப் பிரஸ்ஸில் இடமில்லை. மஞ்சுதான் வழி சொன்னான்.

“அவுரு பட்டன் அமுக்கறப்ப தோளு அசையும் குரு. அதப் பாத்துக் கையத் தூக்கு.”

சில வருஷம் அந்தத் தோள்தான் எனக்குக் காது.

அப்போதுதான் எங்கள் வரிசைக்கு ஜெனிபர் வந்தாள். ஓசூர்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. சுகாதாரப் பொருளாதாரம், கொள்கை, நிர்வாகம் என்று முதுகலை படிக்கிறாளாம். டாக்டர் படிப்பா என்றேன்.

“இல்லண்ணா. யாரு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, சிலபேரு ஏன் போறதே இல்லன்னு படிக்கிறோம்.”

மஞ்சு என் காதோடு சொன்னான்: “போகாதவன எதுக்கு குரு தேடறாங்க? கம்பெனி அனுப்பின ஆளு.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. வைத்தியம் சொல்லித்தராத ஆஸ்பத்திரிப் படிப்பு ஒன்று உண்டென்றால் நீங்கள் மட்டும் நம்பியிருப்பீர்களா? குழாயடியில் அவள் கேட்டதற்கெல்லாம் ‘நல்லாயிருக்கோம்’ என்றே சொன்னோம். எங்கள் வரிசை அவ்வளவு ஆரோக்கியமாக என்றைக்கும் இருந்ததில்லை.

இலவசமாகப் பார்க்க மருத்துவ அட்டை இருந்தும் ஏன் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவளுடைய பெரிய கேள்வி. அங்கே நம்மைத் தெரிந்த கம்பெனி ஆள் இருக்கமாட்டான், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே காது டாக்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று முன்னால் வந்து நின்றாள் ஜெனிபர்.

“பின்னாடியிருந்து எத்தன தடவ கூப்புட்டேன், திரும்பவே இல்லியேண்ணா!”

“கம்பெனிக்குத் தெரிஞ்சா பிரஸ்ஸ விட்டு எடுத்துருவாங்கம்மா.”

“நான் யாரு பேரும் எழுதறதில்லண்ணா. நம்புங்க.”

நம்பவில்லை.

அடுத்த சோதனையில் நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. தோளும் இல்லை, சத்தமும் இல்லை. மறுநாள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கே சொன்னேன்ல குரு?” என்று மஞ்சு டீ வாங்கிக் கொடுத்தான். அதன்பிறகு ஜெனிபரைக் கண்டால் வரிசையே கதவைச் சாத்தியது. அவளும் வருவதை விட்டுவிட்டாள். மஞ்சு அந்த வருஷமே லைன் லீடர் ஆனான்.

இத்தனை காலம் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். போன வாரம், சுவரில் பெயிண்ட் உரிந்திருந்ததைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எனக்குக் காது கேட்காது என்று ஜெனிபருக்குத் தெரியும். ஆனால் தோளைப் பார்த்துக் கை தூக்குகிற கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

வரிசை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பிரஸ் ஷாப்பில் இப்போது இரும்புக் கைகள்தான் தகடு எடுத்து வைக்கின்றன. அவற்றுக்குக் காது சோதனை கிடையாது. ஜெனிபர் அந்தப் படிப்பை முடித்தாளா, எங்கே இருக்கிறாள், விசாரிக்க ஆளில்லை. மஞ்சு மட்டும் இருக்கிறான். நேற்று போன் செய்தான். புது மிஷினில் அவன் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல விழுந்தது.

“குரு, கேக்குதா?”

கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.