குப்பையில் விழுந்தால் சுத்தம்

ஹென்ட்ரிக் லோஷ்னரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், பாத்திரம் கழுவுவான் என்று சொல்வேன். மீதிக்கு நான் எங்கே போவது?

ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில், கால்வாயை ஒட்டின பழைய வீடு ஒன்றில் ஆறு பேர் சேர்ந்து குடியிருக்கிறோம். அடுப்பு ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று, குளியலறை ஒன்று. ஆறு பேரும் வீகன், அதாவது விலங்கிலிருந்து வருகிற எதையும், பாலைக்கூட, தொடாதவர்கள். வாசல் மணிக்குக் கீழே அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது. நான் சைக்கிள் பழுது பார்க்கிறவள். இருபத்திரண்டு வயதில் ஒரு கோழித் தொழிற்சாலையில் இரண்டு மாதம் வேலை செய்தேன். வெளியே வந்த பிறகு முட்டையைக்கூடத் தொடவில்லை. என் கொள்கை அவ்வளவுதான், சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும். ஹென்ட்ரிக்குக்கு அரை நாள் வேண்டும்.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. தத்துவம் படிக்கப் போய், பதினோரு வருஷம் படித்து, முடிக்காமல் திரும்பி வந்தவன். பகலில் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை மன்றத்தில் ‘தட்டில் நீதி’ என்று இலவச வகுப்பு எடுக்கிறான். பதினைந்து பேர் வருவார்கள், பாதிப் பேர் கண்ணில் நீர் தளும்பக் கேட்பார்கள். டிராமில் எதிரே உட்கார்ந்து தயிர் சாப்பிடுகிறவரிடம் வலியப் போய் கன்றுக்குட்டியின் கதையைச் சொல்லுவான். அவன் பிறந்தநாளுக்கு வெண்ணெய் போட்டு கேக் செய்தாள் என்று சொந்த அம்மாவோடு நாலு வருஷம் பேசவில்லை.

இத்தனை பெரிய ஆளுக்கு ஒரே ஒரு சபலம். புகை போட்ட ஈரல் சாசேஜ், பன்றி ஈரலை அரைத்துக் குடலில் அடைத்து வளையமாகக் கட்டினது. அதைக் கறுப்பு ரொட்டியில் பூசி, மேலே ஊறுகாய் வெள்ளரியை மெல்லிசாக வெட்டி வைத்துத் தின்றுதான் வளர்ந்தானாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, தெருமுனை சூப்பர் மார்க்கெட்டின் குப்பைப் பெட்டியைக் கிளறப் போனவன் காய்கறியோடு ஒரு வளையம் ஈரல் சாசேஜும் கொண்டு வந்தான். நாங்கள் எல்லாருமே குப்பையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவர்கள்தான். நசுங்கின தக்காளி, ஒருநாள் பழைய ரொட்டி, புள்ளி விழுந்த வாழைப்பழம். ஆனால் இது சாசேஜ். ஆகவே வீட்டுக் கூட்டம் போட்டோம்.

எங்கள் வீட்டில் ஓட்டு கிடையாது. ஆறு பேரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டும். சரி என்றால் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும், கை தட்டக்கூடாது. தட்டினால் கூச்ச சுபாவக்காரர்கள் மிரண்டு போவார்களாம்.

"செத்தது செத்ததுதான்" என்றான் ஹென்ட்ரிக். "நான் தின்னாலும் தின்னாட்டியும் அந்தப் பன்னி எழுந்து நடக்கப் போறதில்ல. நான் காசு குடுக்கல. யார்கிட்டயும் கேக்கல. எனக்காக ஒருத்தனும் கத்திய எடுக்கல. அப்போ பாவம் எங்கேருந்து வரும்? இன்னும் சொல்லப்போனா, குப்பையில அழுக விடறதுதான் அந்த உயிருக்குப் பண்ற ரெண்டாவது அவமானம்."

எங்களில் சின்னவள் வெங்கே. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்போ ரோட்ல அடிபட்ட முயலத் தின்னலாமா?"

"தாராளமா."

"கீழ்வீட்டு ஷுல்ட்ஸ் தாத்தா செத்தா?"

"அது வேற."

"ஏன் வேற? அவரையும் யாரும் காசு குடுத்து வாங்கப் போறதில்ல. நீயும் கேக்கல."

"நீ விளையாடற வெங்கே. நான் நீதியைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

மூன்று மணி நேரம் ஓடியது. ஒரு உயிரைத் தின்பண்டமாகப் பார்க்கிற கண் மாறாமல், பாக்கெட்டை மட்டும் மூடிக்கொண்டால் ஆயிற்றா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அடுப்பில் பருப்பு சூப் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு நல்ல பசி. கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன். இந்தக் கதையில் என் பங்கு அது.

அன்றைக்கே ஃபிரிட்ஜின் அடித்தட்டில் நீல டேப் ஒட்டி ‘மீட்கப்பட்டவை’ என்று எழுதினான். விதியும் எழுதி மாட்டினான்: குப்பையிலிருந்து வந்தது எதுவானாலும் வீகன், காசு கொடுத்து வாங்கியது என்றால் கிடையாது. அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு சைக்கிளில் சிவப்புத் தள்ளுவண்டியைக் கோத்துக்கொண்டு கிளம்புவான். சனிக்கிழமை தவறாமல் இரண்டு வளையம் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவான். மற்றவர்கள் யாரும் தொடவில்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

இதில் வேடிக்கை, அந்தச் சாசேஜ் குப்பையோடு குப்பையாகக் கிடக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, புதுத் தாளில் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி இருக்கும். நமக்கென்றால் உடனே சந்தேகம் வரும். அவனுக்கு வகுப்பு எடுக்க விஷயம் வந்தது. "இந்த முதலாளிகள் குப்பையைக்கூடப் பொட்டலம் கட்டித்தான் போடுகிறார்கள்!" என்று ஒரு ஞாயிறு முழுக்க முழங்கினான்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது அம்மாள், கையில் கடைக் கோட்டு. மார்லீஸ் கிரால். சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவர்.

"வாசல்ல வீகன்னு போட்டிருந்துச்சா, வீடு மாறிட்டேனோன்னு நெனச்சேன். அப்புறம் அந்தச் சிவப்பு வண்டியப் பாத்தேன். அந்த ஒல்லித் தம்பி இங்கதானே இருக்கார்?"

சமையலறையில் உட்கார வைத்தேன். ஹென்ட்ரிக் வந்தான். அவனைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்து நின்றார், ஏதோ அவர்தான் கடன்பட்டவர் போல.

"தம்பி, மொதல்ல ஒரு குளிர்காலத்துல பின்பக்க ஜன்னல் வழியா உங்களப் பாத்தேன். குப்பைல ஒரு சாசேஜ எடுத்து மோந்து பாத்தீங்க. அந்த மூஞ்சிய என்னால மறக்க முடியல. இந்த வயசுல ஒரு ஆம்பள இப்படிப் பட்டினி கிடக்கறாரேன்னு. கூப்பிட்டுக் குடுத்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா இருக்கும், எங்களுக்கும் குடுக்க உத்தரவு கிடையாது. அதனால வியாழக்கிழமை ஆர்டர் எழுதும்போது ரெண்டு வளையம் கூட எழுதிடுவேன். விக்காதபடிக்குப் பின்னால தள்ளி வெச்சு, தேதி முடிஞ்சதும் பொட்டலம் கட்டி மேலாப்பில போட்டுடுவேன்."

"எனக்காகவா?" என்றான் ஹென்ட்ரிக். முகம் வெளுத்துவிட்டது. "எனக்காக எழுதினீங்களா?"

"ஆமா தம்பி. மூணு வருஷமா."

"நான் கேக்கலயே!"

"நீங்க எங்க கேப்பீங்க."

விஷயம் இதுதான். மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். மிஞ்சுகிறதை அந்த அம்மாள் வெளியே விற்றுக் காசு பார்க்கிறார் என்று சந்தேகம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. எடுத்தவர் வந்து, ‘நான்தான் எடுத்தேன், நான்தான் தின்றேன், காசு எதுவும் கொடுக்கவில்லை’ என்று சொன்னால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்தவர் பேரில் புகார் கிடையாது, பேர்கூட எழுத மாட்டார்கள். சொல்லாவிட்டால் வேலை போகும்.

"வரேன்" என்றான். அந்த அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தினதும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அப்போ நான் மூணு வருஷமா வாடிக்கையாளரா?" ஒரு பெண்பிள்ளையின் இருபத்தாறு வருஷ வேலை அவன் காதில் விழவே இல்லை.

புதன்கிழமை கூட்டம் போடச் சொன்னான். அவன் வீகனா இல்லையா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டுமாம். அந்த ஆர்டரில் தன் சம்மதம் இல்லை, தனக்குத் தெரியாமல் உண்டான தேவைக்குத் தான் பொறுப்பாக முடியாது என்று நீட்டி முழக்கினான். இரண்டு மணி நேரம் பொறுத்தேன்.

"கூட்டம் எதுக்குடா?" என்றேன். "வெள்ளிக்கிழமை போய், நான்தான் தின்னேன்னு சொல்லு. ரெண்டு வார்த்தை."

"அது அவ்வளவு எளிமையான வாக்கியம் இல்ல, சில்கே."

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். பின்முற்றத்தில் அந்தக் குப்பைப் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. முதல் தடவையாக அவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன். அந்தக் கை இன்னும் எனக்குக் கூசுகிறது.

உண்மை என்ன என்று லியோனி வந்து சொன்னாள். அந்தக் கடையில் கல்லாவில் உட்காருகிற பெண். ஹென்ட்ரிக்கின் ஞாயிறு வகுப்பில் முதல் வரிசை. சனிக்கிழமை டியூப் மாற்ற என் பட்டறைக்கு வந்தவள் பூரித்துப் போய்ச் சொன்னாள். விசாரணையைக் குறிப்பெடுக்க அவளைத்தான் உட்கார வைத்திருந்தார்களாம்.

"சாசேஜ எடுத்தது நீங்களான்னு மேனேஜர் கேட்டார். இவர் என்னைப் பாத்தார். அப்புறம் நிமிர்ந்து உக்காந்து, ‘நான் பதினாலு வருஷமா வீகன். நான் விலங்குகளைச் சாப்பிடறதில்ல’ன்னார். அந்தக் கிழவி எப்படி முழிச்சுது தெரியுமா? இவர் தலையில கட்டப் பாத்திருக்கு, சில்கே!"

டியூபை மாற்றிக் கொடுத்து அவளை அனுப்பினேன். திங்கட்கிழமை நானே மேனேஜரிடம் போய் மூன்று வருஷக் கதையையும் சொன்னேன். "வெள்ளிக்கிழமை வந்தவர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. வேலையை விட்டு எடுத்த கடிதம் போயாச்சு" என்றார்.

ஹென்ட்ரிக்கின் கழுத்தைப் பிடித்தேன். அவன் அமைதியாக, "நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா? நம்ம விதிப்படி மீட்கப்பட்டது எதுவும் வீகன். நீயும் கையை ஆட்டினவதானே?" என்றான். இத்தனை கேவலமான பதிலில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

அவனை வீட்டை விட்டு அனுப்பக் கூட்டம் போட்டோம். அதற்கும் ஆறு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவனும் அந்த ஆறு பேரில் ஒருத்தன். இன்னும் இருக்கிறான்.

பெட்டியில் பொட்டலம் விழுவது நின்றுபோனது. அடுத்த ஞாயிறு வகுப்பில், அந்தக் கடை இறைச்சியை வீணாக்குவதைக் குறைத்துவிட்டது, இது நம் போராட்டத்துக்கு வெற்றி என்று அறிவித்தான். முப்பது கைகள் விரல் ஆட்டின.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் டிராம் நிறுத்தத்தில் மார்லீஸ் அம்மாளைப் பார்த்தேன். ஒரு சலவைக்கடையில் அரைநாள் வேலை, நின்றுகொண்டே செய்வதால் கால் வீக்கம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தத் தம்பி எப்படி இருக்கார்? அன்னிக்குப் பாவம், அந்தப் பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்லுவார்? நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே. நானே யோசிச்சிருக்கணும்." பையைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தார். புதுத் தாள், நூல் சுற்றி. "உங்க வீட்டுப் பக்கம் வரும்போது குடுக்கலாம்னு வாங்கினேன். கால் வலில வரமுடியல. நீங்க குடுத்துடுங்க. இப்போ சாப்பாட்டுக்கு என்னதான் பண்றாரோ."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அவன் யார் என்பதை அந்த அம்மாளிடம் சொல்லி, இருந்த ஒரு ஆறுதலையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

சமையலறையில் ஹென்ட்ரிக் தனியாக உட்கார்ந்து ஞாயிறு வகுப்புக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். பொட்டலத்தை அவன் காகிதத்தின் மேலேயே வைத்தேன்.

"கிரால் அம்மா குடுத்தாங்க. நீ பட்டினி கிடக்கறியேன்னு அவங்க காசுல வாங்கினது."

நூலைப் பார்த்தான். என்ன என்று புரிந்துவிட்டது. தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. கண்கூடக் கொஞ்சம் கலங்கிற்று. ஒரு நொடி, இவனும் மனிதன்தானோ என்று நினைத்துவிட்டேன்.

"காசு குடுத்து வாங்கினத நான் தொட முடியாது, சில்கே. உனக்கே தெரியும்."

"அப்போ என்ன பண்ண?"

"தூக்கிப் போடு."

குப்பை வாளியின் மூடியைத் திறந்து, உருளைக்கிழங்குத் தோலுக்கு மேலே போட்டேன். அந்த அம்மாளின் வீங்கின கால்களை நினைத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கை கழுவினேன். முகமும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது கறுப்பு ரொட்டி வெட்டியிருந்தது. ஊறுகாய் வெள்ளரி மெல்லிசாக நறுக்கியிருந்தது. உருளைக்கிழங்குத் தோல் ஒட்டின தாள் மேசையில் விரிந்து கிடந்தது, நூல் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தது. கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான்.

"நல்லா இருக்காடா?" என்று கேட்டேன்.

வாய் நிறைய இருந்தது. இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினான்.