அன்சார் வரைந்த எழுத்து

அதிராம்பட்டினம் கடைத்தெருவில் சித்தீக் ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, யாராவது இறந்தால் மவுத்து அறிவிப்பு, மதரஸா ஆண்டு விழா நோட்டீஸ் என்று அவன் கம்ப்யூட்டரில் கோத்து அனுப்புவதெல்லாம் பட்டுக்கோட்டையில் என்னுடைய ஆப்செட் மிஷினில்தான் அச்சாகும். எதையும் ஆற அமர யோசித்துச் செய்கிறவன். அவசரக்காரனுக்கு அடி விழுந்தால் 'வேணும் அவனுக்கு' என்று சொல்லிவிட்டுப் போகலாம். நிதானமாக இருந்தவனுக்கு விழுந்த அடிக்கு என்ன சொல்வது? எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான் வருகிறது.

கடையை அவன் தனியாகத் தொடங்கவில்லை. அன்சார் என்று ஒரு கூட்டாளி இருந்தான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மவுஸைப் பிடித்து எழுத்து வரைவான். ஏற்கெனவே இருக்கிற ஒரு தமிழ் ஃபாண்டைத் திறந்து, 'அ'வில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக அழித்து அழித்து வேறு மாதிரி வரைந்தான். வால்களை அரபி எழுத்துப்போல நீட்டி வளைத்தான். தனக்குப் பேசி வைத்திருந்த நிலோஃபரை நினைத்து அந்த ஃபைலுக்கு 'நிலோ' என்று பெயர் வைத்தான். ஜ, ஷ, ஹ வரைவதற்குள் கல்யாணமே வந்துவிட்டது. பத்திரிகையில் அந்த எழுத்துகளை மட்டும் வேறு ஃபாண்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டான். தங்க மையில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். "எழுத்து ஜோரா இருக்கே, எங்க வாங்குன?" என்று கேட்டதற்கு அவன் சிரித்த சிரிப்பில் கல்யாண மாப்பிள்ளைக் களை தெரிந்தது.

கம்ப்யூட்டர் விலை இறங்க இறங்க, தெருவுக்கு ஒரு டி.டி.பி. கடை முளைத்தது. ஒரு கடை இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடாது என்று ஆனபோது, ஊரில் எல்லோரும் போகிற வழியில் அன்சாரும் போனான். சவுதியில், தமாமில் ஒரு குடோனில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. அந்தக் கைக்குப் போயும் போயும் அந்த வேலைதான் கிடைத்தது.

புறப்படுகிற அன்று கடை வாசலில் நின்று, அண்ணன் முறை வைத்து அழைக்கும் சித்தீக்கிடம், "நிலோவைப் பத்திரமாப் பாத்துக்குங்க காக்கா. வந்து மிச்ச எழுத்தை முடிச்சுடுறேன்" என்றான்.

சித்தீக்கின் மனைவி ஷமீரா விடவில்லை. "எந்த நிலோவை? வீட்டுல இருக்குறதையா, பொட்டிக்குள்ள இருக்குறதையா?"

"ரெண்டையுந்தான் ராத்தா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அவன் போன பிறகு கடையில் ஃபாண்டுகள் பெருகின. ஒவ்வொரு பழைய வேலைக்கும் அதற்கான ஃபாண்ட் வேண்டும். இல்லாவிட்டால் ஃபைலைத் திறக்கும்போது கல்யாணப் பத்திரிகை கிறுக்கலாக வரும். அதனால் யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். சித்தீக்கிடம் ஆயிரக்கணக்கில் சேர்ந்துபோய், கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் அது விழித்திருக்காது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று தேட ஆரம்பித்தான்.

பெண் பார்ப்பதுபோலப் பார்த்தான். முதலில் சென்னையிலிருந்து ஒரு சி.டி. வந்தது. அது ஒவ்வொரு ஃபாண்டுக்கும் மாதிரி காட்ட ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் போட்டது. தமிழ் ஃபாண்டில் அது வாயில் நுழையாத எழுத்துக் குப்பையாக வந்தது. நம் ஃபாண்டுகளில் கீபோர்டின் ஒரே கட்டையைத் தட்டினால் ஒன்றில் 'க' வரும், இன்னொன்றில் 'ழ' வரும். வெள்ளைக்காரனுக்கு அது எங்கே தெரியப் போகிறது? இரண்டாவது சாஃப்ட்வேர் மாதிரியை நன்றாகக் காட்டியது, ஆனால் அடிக்கடி மயங்கி விழுந்தது. "பேசாம ஃபோல்டர் போட்டுக் கையாலயே பிரிச்சு வைப்பா" என்றேன் நான். கேட்கவில்லை. பிரவுசிங் சென்டரில் காத்துக் கிடந்து மூன்றாவதாக ஒன்றை இறக்கினான்.

அதை அவன் தேர்ந்தெடுத்ததே நிலோவுக்காகத்தான். அன்சார் ஃபைலின் பெயரைத்தான் மாற்றியிருந்தான். ஃபாண்டுக்கு உள்ளே பழைய பெயரே இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது எழுத்தை மாற்றி வரைந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே ஒரே பெயர் இருப்பதால் நிலோவையும் அதன் மூல ஃபாண்டையும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் ஏற்காது. ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைப் போட வேண்டும். இந்தப் புது சாஃப்ட்வேரில் ஒரு தட்டுத் தட்டினால் ஒன்று போய் மற்றது வரும். "இனிமே நிலோவை எடுக்குறது சுலபம் அரசப்பண்ணே" என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னான். குரலில் அத்தனை சந்தோஷம்.

எல்லா ஃபாண்டையும் அதனிடம் ஒப்படைத்தான். இரட்டையாக இருப்பவற்றை நீக்கவா என்று அது கேட்டது. ஒரே ஃபைல் நாலு இடத்தில் கிடப்பதைத்தான் சொல்கிறது என்று நினைத்துச் சரி என்றான். அது உள்ளே இருந்த பெயரை மட்டும் பார்த்தது. அவர்கள் தெருவில் நாலு அன்சார் இருக்கிறார்கள். வீட்டுப் பெயரைச் சொல்லிப் பிரித்துக்கொள்கிறார்களே தவிர, மூன்று பேரைக் கழித்துக் கட்டவில்லை. அந்த அறிவுகெட்ட சாஃப்ட்வேர் மூலத்தை வைத்துக்கொண்டு நிலோவை அழித்துவிட்டது.

சித்தீக் தேடாத இடமில்லை. பத்திரத்துக்கு எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பியில் உப்புக்காற்றுப் பட்டுப் பூசணம் பூத்திருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரும் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் தமாமுக்குப் போன் போட்டு, திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான்.

"அட, இதுக்குப் போயா காக்கா? கை இருக்குல்ல? லீவுல வந்து இதைவிட நல்லா வரைஞ்சு தர்றேன். ஜ, ஷ, ஹ எல்லாம் சேத்து" என்றானாம் அன்சார்.

அந்த ஒரு வார்த்தையில் சித்தீக் மறுபடியும் சோறு தின்ன ஆரம்பித்தான்.

அன்சார் லீவில் வரவில்லை. வேலைக்குப் போன வேன் லாரியில் மோதி, அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டான். ஊருக்குச் செய்தி வந்தபோது முதலில் எல்லோரும் கேட்டது, "எந்த அன்சார்?" என்பதுதான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்க, சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்க, ஊரில் ஒருவருக்கும் கொடுத்து வைக்கவில்லை. அவனுக்காக இங்கே செய்ய முடிந்தது துஆ மஜ்லிஸ் என்கிற பிரார்த்தனைக் கூட்டமும் அதற்கான அறிவிப்பும்தான்.

அந்த அறிவிப்பு எனக்கு வந்தது. சித்தீக் அதைச் சாதாரண ஃபாண்டில் கோத்திருந்தான். நடுவில் பெயர் மட்டும் வேறு எழுத்தில் இருந்தது, ஓரங்கள் லேசாகப் பிசிறடித்துக்கொண்டு. எழுத்துக் கலப்பு எனக்குப் பிடிக்காது. திட்டுவதற்காகப் போனை எடுத்தவன், அந்த 'அ'வின் வாலைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

கணவனை இழந்தவள் வீட்டோடு தனித்திருக்கும் இத்தாவில் நிலோஃபர் இருந்தாள். அன்னிய ஆண்கள் முன் வர மாட்டாள். ஷமீராதான் அவளிடம் போய்க் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அதில் 'மணமகன்' என்பதற்குக் கீழே இருந்த பெயரை சித்தீக் ஸ்கேன் செய்து, தங்க மையின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கறுப்பாக்கி, காலமானவரைக் குறிக்கும் 'மர்ஹூம்' என்பதற்குக் கீழே ஒட்டியிருந்தான். நான் அடித்த பெயரை நானே மறுபடியும் அடித்தேன். மிஷின் ஓடி முடிகிறவரை நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஷமீரா அறிவிப்பை எடுத்துக்கொண்டு நிலோஃபரிடம் போனாள். அவள் அன்சாரின் பெயரை விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள்.

"இதை அதுலேருந்து வெட்டி எடுத்தீங்களா ராத்தா?"

"இல்லம்மா, படம்தான் பிடிச்சாங்க. கார்டு அப்படியே இருக்கு."

"அப்ப இது எனக்கு வேணாம். என் கார்டைக் கொண்டாந்து குடுங்க" என்று அறிவிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கார்டு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. சித்தீக்கின் கம்ப்யூட்டரில் இப்போது அந்த எழுத்தில் மிஞ்சியிருப்பது அ, ன், சா, ர். அதுவும் படமாகத்தான் இருக்கிறது. அதைக் கொண்டு நிலோஃபர் என்றுகூட எழுத முடியாது.