வில்லை மடியில் இருந்தபோது

ஒரு தலையைத் தொடுவதற்கு முன்னால் முப்பிடாதி செய்கிற காரியம் ஒன்று உண்டு. தோள் துண்டில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையைக் கழற்றுவார். அதை ஒரு துடை துடைத்து, வேட்டி மடிக்குள் சொருகி, மேலே இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கை போகும்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்க உட்காருகிற பதினாலு பேருக்கும் சீசன் கமிட்டியார் கொடுத்த வில்லை அது. அவருடையது ஒன்பதாம் நம்பர். வில்லை இல்லாதவன் அருவிக்கரையில் கிண்ணத்தை வைக்க முடியாது. ஆனியில் சாரல் விழுந்தால் மூன்று மாதம் வேலை. அந்த மூன்று மாதம்தான் அவர் வீட்டுக்கு வருஷச் சோறு.

வில்லை மடிக்குள் போனதும் கமிட்டித் தலைவர் தாணுப் பிள்ளை வெளியே வருவார். இல்லாத தலைப்பாகையை இரண்டு விரலால் அமுக்கி, தொண்டையை மூன்று தரம் செருமி, ஆளே இல்லாத கூட்டத்தைக் கையமர்த்தி, முப்பிடாதி ஆரம்பிப்பார்: "ஆகையினாலே, மகாஜனங்களே, பெண்கள் குளிக்கிற பக்கம் கல்படி கட்டுகிற வரை நான் உறங்க மாட்டேன்!" பிறகு சொந்தக் குரலில், "ஆறு வருசமாச்சு, பாவம். அந்தத் தலைக்குத்தான் மொதல்ல எண்ணெ வைக்கணும். ஒறக்கம் வரும்லா."

சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் ஞானதுரை. தென்காசியில் மரக்கடை, கமிட்டியில் மெம்பர் வேறு. பலகையில் உட்காரும்போதே, "வே முப்பிடாதி, தலைவரைக் கூப்பிடும் வே" என்பார். கண்ணில் இறங்கிய எண்ணெய் எது, சிரித்து வந்த தண்ணீர் எது என்று தெரியாது அவருக்கு. "இன்னொருக்க, அந்தச் செருமலை மட்டும்" என்பார்.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் கமிட்டியிலிருந்து காகிதம் வந்தது. தலைவரைப் பொது இடத்தில் பரிகாசம் செய்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டும். தவறினால் வில்லை பறிக்கப்படும்.

"வில்லையத் தோளுல விட்டுட்டு வாயை மடியில சொருகியிருக்கலாம்லா" என்றாள் அவர் மனைவி குருவம்மாள்.

"ஏட்டி, நான் என்ன பொய்யா சொன்னேன்? படி கட்டுதேன்னு அவரு சொன்னாரா? சொன்னாரு. படி வந்துச்சா? வரல. அவரு சொன்னதை அவரு கொரல்ல சொன்னா, குத்தம் அவரு மேலயா என் மேலயா?"

"இதை என்கிட்ட கேட்டு என்ன? அங்கன போயிக் கேளும்."

அங்கேயும் போனார். தென்காசியில் கமிட்டி ஆபீஸில் தலைவரோடு சேர்த்து மெம்பர்கள் ஏழு பேர்; ஞானதுரையும் அதில் ஒருவர். நடுவில் தலைப்பாகையோடு தாணுப் பிள்ளை. ஓரத்தில் குமாஸ்தா ஹபீபுல்லா நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"என்ன செஞ்சீரு? அப்படியே செஞ்சு காட்டும்" என்றார் ஒரு மெம்பர்.

"செய்யுதேன் அய்யா. ஆனா இதுக்குன்னு தனியா ஒரு காயிதம் அனுப்பப்பிடாது."

முப்பிடாதி இரண்டு விரலால் நெற்றியை அமுக்கி மூன்று தரம் செருமினார். அதே நேரம் தாணுப் பிள்ளைக்கும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. விரல் தலைப்பாகைக்குப் போயிற்று; அவரும் மூன்று தரம் செருமினார்.

ஹபீபுல்லா பேனாவை நிறுத்தினார். "அய்யா, செருமல் மூணுன்னு எழுதவா, ஆறுன்னு எழுதவா?"

கமிட்டியில் வக்கீல் ஒருவர் இருந்தார். அவர்தான் பேச்சை வழிக்குக் கொண்டுவந்தார். "தலைவரைக் கேலி செய்யக் கூடாதென்று நம் விதியில் எங்கே இருக்கிறது? ஓட்டுக் கேட்டு வருகிறவன் இதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஊரான் வாயைப் பூட்ட நமக்கு அதிகாரம் இல்லை."

ஒருவரும் மறுக்கவில்லை. முப்பிடாதி அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்த நியாயம் ஒன்று நெஞ்சில் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"கமிட்டிக்கு நான் ஒரு கொறையும் வச்சதில்ல அய்யா. வில்லை தோளுல கெடக்கும்போது அவரைப் பத்தி ஒரு சொல்லு சொன்னதில்ல. கழத்தி மடியில வச்சிட்டுத்தான் பேசுவேன். வில்லை ஒங்களுது. வாய் என்னுது. ஏழு வருசமா ஒரு நாள் மாறினதில்ல."

அவருக்கே அது அழகாகத்தான் பட்டது. ஹபீபுல்லா மட்டும் நிமிர்ந்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். விதிப் புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது குமாஸ்தா வாசித்தார்: நாலாவது விதிப்படி வேலை நேரம் முழுவதும் வில்லை தோளில் தெரிய வேண்டும், ஏழு வருஷம் அது தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார், ஒன்பதாம் நம்பர் ரத்து.

"கேலி பண்ணினதுக்கா அய்யா?"

"கேலிக்கு இல்ல. அது ஒம்ம உரிமைன்னு எழுதியாச்சு. இது வில்லை போடாததுக்கு."

"அட சண்டாளங்களா! கேலிக்கே புடுங்கியிருந்தா ஊருல நாலு பேரு கேட்டிருப்பானே. இதைப் போயி நான் யாருகிட்ட சொல்ல?"

மேஜைமேல் வில்லையை வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு ஆய்க்குடிக்கும் சுரண்டைக்கும் நடந்து, வீடு வீடாகப் போய் எண்ணெய் தேய்த்தார். கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் மடியை இரண்டு தட்டுத் தட்டாமல் கிண்ணத்தை எடுக்கமாட்டார். தாணுப் பிள்ளைதான் தன் பிழைப்பில் மண்ணைப் போட்டார் என்று பத்து வருஷம் ஏசினார். செருமல் மூன்று ஐந்தானது. நடிப்பில் சிரிப்புக் குறைந்து காரம் ஏறிற்று. நாற்பத்தாறாம் வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

கமிட்டி கலைந்தபின் அதன் பழைய தீர்மான நோட்டு வெளியே வந்தது. வில்லையைப் பறிக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஞானதுரை. ஆதரவு நாலு, எதிர்ப்பு மூன்று. எதிர்த்த மூவரில் முதல் பெயர் தாணுப் பிள்ளை. அதற்குக் கீழே ஹபீபுல்லாவின் கையெழுத்தில் ஒரு வரி: "கல்படி இன்னும் கட்டப்படவில்லை என்பது வாஸ்தவமே என்று தலைவர் சொன்னார்."