புகை விடாத வண்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. இது நடந்தது. அன்று வீடு வந்து சேர்ந்ததும், விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பும் முன்பே, நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னோடு இருந்தவள் அகுலினா, என் கணவரின் அக்கா. உயிரோடுதான் இருக்கிறாள். அவளிடம் கேட்டால் பேச்சை மாற்றுவாள். பொய் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

ஜனவரி பதினேழு. மைனஸ் ஐம்பத்து மூன்று. சைபீரியாவின் யாகூத்தியாவில் அது பள்ளிக்கூடத்தை மூடும் குளிர்தான். பயணத்தை நிறுத்தும் குளிர் அல்ல. அகுலினாவின் சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிக்கியில் ஒரு மூட்டை உறைந்த மீன். முன்பக்கக் கண்ணாடியில் பாதி பனிப்பூ. எஞ்சின் மேல் கம்பளிப் போர்வை.

கிளம்பும்போதே கவ்ரில் தடுத்தான். அவன் அகுலினாவின் சித்தப்பா மகன், லாரி ஓட்டுகிறவன்.

"ஒன்றரை மணி நேரம் பொறுங்க. சாமான் ஏத்திட்டு நானும் வர்றேன். ரெண்டு வண்டியா போவோம்."

"இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றேன்.

"ஜனவரியில இருட்டாத நேரம்னு ஒண்ணு இருக்கா என்ன?" என்றாள் அகுலினா. "விடுடா. இவ முடிவு பண்ணிட்டா. ஓட்டுற லட்சணத்துக்கு இவளவிட என் குதிரை தேவலாம், ஆனா குதிரைக்கு ஹீட்டர் இல்லையே."

சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறிப் படுத்தவள், அரை மணி நேரத்தில் குறட்டை விட்டாள்.

இனி நான் எழுதப்போவது, பல வருடங்கள் வெளியார் யாரிடமும் சொல்லாமல் இருந்தது.

பிற்பகல் 2:50. சாலையின் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் நிற வேன் நின்றிருந்தது. அதன் அருகில் ஒருவன். ரோமத் தொப்பியின் ஒரு காதுமடல் கீழே தொங்கியது, மற்றது மேலே மடிந்திருந்தது. ஒரு கையை உயர்த்தினான். அவசரமில்லாமல். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்குவதைப் போல.

எங்கள் சாலையில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதியிருக்காது. குளிர்காலத்தில் நிற்கும் வண்டியை யாரும் தாண்டிப் போகக்கூடாது. உள்ளே இருப்பவன் உங்கள் நிலத்தைப் பிடுங்கியவனாக இருக்கலாம், உங்கள் மகளை ஏமாற்றியவனாக இருக்கலாம். நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கேட்காமல் போகிறவனை நாங்கள் திட்டுவதில்லை. அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடுவோம்.

நான் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை.

ஏன் என்று இத்தனை வருடங்களாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கியர் தகராறு செய்தது, நிறுத்தினால் மறுபடி நகருமோ என்று பயந்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்னால் கவ்ரில் வருகிறானே என்று சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் காரணம் அவை அல்ல. வண்டிக்குள் கதகதப்பாக இருந்தது, அமைதியாக இருந்தது, என் நினைவுகளோடு நான் தனியாக இருந்தேன். ஓர் அந்நியனின் குளிரை உள்ளே ஏற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார்த்தேன். அந்த வேனின் பின்னால் புகை இல்லை. இந்தக் குளிரில் ஓடும் எஞ்சின் எதுவானாலும் அதன் பின்னால் ஒரு வெள்ளை மேகம் நிற்கும். மேகம் இல்லையென்றால் எஞ்சின் செத்துவிட்டது என்று பொருள். அடுத்து ஆள் சாகவேண்டியதுதான். அதைத் தெரிந்துகொண்டேதான் போனேன்.

3:50. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, என் எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. நின்றது.

அகுலினா எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, வந்துட்டோமா?"

"இல்லக்கா."

சாவியைத் திருப்பினேன். முனகல். மறுபடி. முனகல்கூட இல்லை.

"சரி, விடு. பேட்டரியக் கொல்லாத" என்றாள். அவள் குரலில் பதற்றம் இல்லை. "கவ்ரில் வர எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். மூணும் ஆகலாம்."

"மூணுன்னே வச்சுக்க. பின்னாடி இருக்கிற மீனாட்டம் ஆயிடாம பாத்துக்கணும். இல்லேன்னா நம்மளையும் சேர்த்து எடை போட்டு வித்துடுவாங்க."

வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். தூக்கப்பை ஒன்று, இருவரும் அதற்குள் கால்களை நுழைத்துக்கொள்ள. தகர டப்பாவில் மெழுகுவத்தி. கண்ணாடியில் ஒரு விரல் இடைவெளி, மூச்சு முட்டாமல் இருக்க. தூங்கக்கூடாது. கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை விட்டுப் போகக்கூடாது. இங்கே குளிரில் செத்தவர்களில் பாதிப் பேர் உதவி தேடி நடந்து போனவர்கள்.

4:40. ஸ்டெப்னி டயரை இறக்கிப் பத்தடி தள்ளிப் போட்டு, பெட்ரோல் நனைத்த துணியைச் செருகிக் கொளுத்தினோம். முழுதாக இருட்டிவிட்டிருந்தது. பற்றத் தொடங்கியதும் டயர் ஒரு பக்கமாகச் சரிந்தது. அகுலினா வலது கையால் அழுத்திப் பிடித்து நேராக்கினாள். கையுறையின் உள்ளங்கை முழுவதும் கரி.

"போச்சு. மூணு மாசம் தைச்சேன்" என்றாள்.

கலைமான் தோல் கையுறை அது. மணிக்கட்டைச் சுற்றி நீல மணிகள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு மணி, தவறிக் கோத்தது. பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தாள்.

கல்யாண வீட்டு அப்பத்தில் ஒரு துண்டைக் கிள்ளி நெருப்பில் போட்டாள். முதல் வாய் நெருப்புக்கு. பிறகுதான் எங்களுக்கு.

வண்டிக்குள் போய் உட்கார்ந்தோம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் தூங்கிவிடக்கூடாது என்பதற்காக. கல்யாணப் பெண்ணின் மூக்கைப் பற்றி, மாப்பிள்ளையின் கடன் வாங்கிய கோட்டைப் பற்றி. நான் 'உம்' கொட்டினேன். என் மனம் முழுக்க உயர்ந்த ஒரு கை. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவள் திட்டமாட்டாள். பேச்சை நிறுத்துவாள். அந்த இருட்டில் அவள் பேச்சு நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

5:55. பின்கண்ணாடியில் வெளிச்சம்.

மஞ்சளாக, இரண்டு விளக்குகள். மெதுவாக வந்தன.

"பாத்தியா, சீக்கிரமே வந்துட்டான்" என்றாள் அகுலினா.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகு புரிந்தது.

சத்தம் இல்லை.

இந்தக் குளிரில் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் லாரி வந்தாலே கேட்கும். சக்கரத்தின் கீழ் பனி கிறீச்சிடும். இங்கே டயர் எரியும் சடசடப்பு மட்டுந்தான் கேட்டது.

வெளிச்சம் எங்களுக்குப் பின்னால் ஐம்பதடியில் நின்றது.

ஒரு கதவு திறப்பதும் கேட்கவில்லை.

6:02. அகுலினா பக்கத்துக் கண்ணாடியில்... டொக். டொக். டொக்.

"உதவி வேணுமா?"

ஆண் குரல். எங்கள் மொழி. மெல்லிய குரல்.

"கேட்கிற கேள்விய பாரு" என்றாள் அகுலினா. "எஞ்சின் செத்துப்போச்சுப்பா."

"என் வண்டி ஓடுது. உள்ள கதகதப்பா இருக்கு. வாங்க."

நிற்கும் வண்டியைத் தாண்டக்கூடாது என்பது சட்டத்தின் ஒரு பாதி. நிறுத்திக் கூப்பிடுகிறவனை மறுக்கக்கூடாது என்பது மறுபாதி. அகுலினா தூக்கப்பையிலிருந்து காலை உருவினாள். கதவைத் திறந்தாள்.

குளிர் அறைந்தது. அவள் ஒரு காலைப் பனியில் ஊன்றினாள். அவள் மூச்சு வெளியே போய் உறைந்தது. அதற்கென்று ஒரு சத்தம் உண்டு, தானியம் கொட்டுவதைப் போலச் சலசலப்பு.

அவள் மூச்சு மட்டும் சலசலத்தது.

அவன் வாயருகே எதுவும் இல்லை.

நெருப்பு ஒருமுறை எழும்பியது. தொப்பி தெரிந்தது. ஒரு காதுமடல் கீழே. மற்றது மேலே.

பின்னால் பார்த்தேன். இரண்டு மஞ்சள் விளக்குகள். சாம்பல் நிறம். புகை இல்லை. துளிகூட இல்லை.

இந்தக் குளிரில், நடுச்சாலையில் செத்த எஞ்சின் தானாக உயிர் பெறாது.

அவன் கையை நீட்டினான். அகுலினாவின் வலது கையைப் பிடித்தான்.

"வாங்க."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. பயத்தால் என்று சொன்னால் அது பொய். சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால். மூன்று விநாடி, நான்கு விநாடி... அந்த நேரத்தில் எனக்குள் ஒருத்தி, அவள் போனால் போகட்டும், தெரியாமலே போகட்டும் என்று நினைத்தாள். அந்த ஒருத்தியை எனக்கு இப்போதும் தெரியும்.

அகுலினாவின் அடுத்த கால் நகர்ந்தது.

"அக்கா... போகாத."

"ஏன்டி?"

"மத்தியானம் இந்த ஆள் கை காட்டினான். நீ தூங்கிட்டிருந்த. நான் நிறுத்தல."

அவள் திரும்பினாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வண்டி புகை விடல அக்கா. அப்பவே செத்த வண்டி. இப்பவும் விடல. பாரு."

அவள் பார்த்தாள்.

கையை இழுத்தாள். அவன் விடவில்லை. இடுப்பைப் பிடித்து நானும் இழுத்தேன். கை வந்தது.

கையுறை வரவில்லை.

கதவு. பூட்டு. 6:09.

அவன் போகவில்லை.

வண்டியைச் சுற்றி நடந்தான். பனி கிறீச்சிடவில்லை. என் பக்கத்துக்கு வந்தான்.

டொக். டொக். டொக்.

என்னிடம் உதவி வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஒரு கையை உயர்த்தினான். அவசரமில்லாமல்.

அப்படியே நின்றான்.

அகுலினா என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். வெறும் வலது கையைத் தன் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மெழுகுவத்தி அணைந்தது.

டயர் நெருப்பு தணிந்தது.

6:22. தூரத்தில்... உறுமல். லாரி.

தலையை உயர்த்தினேன். கண்ணாடிக்கு அப்பால் யாரும் இல்லை. பின்னால் வெளிச்சம் இல்லை.

6:40க்கு கவ்ரில் வந்தான். வெள்ளை மேகத்தோடு, காது கிழியும் சத்தத்தோடு.

"யாரும் தூங்கலையே?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். அகுலினாவின் கை அவன் கண்ணில் பட்டது. நின்றான். "அக்கா, உன் கையுறை எங்க?"

"தொலைஞ்சுபோச்சு."

"நீலமணி வச்சதா?"

"ஆமா."

 டார்ச்சை எடுத்து எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். டயர் கொளுத்தப் போய் வந்த எங்கள் தடங்கள் இருந்தன. கதவருகே அகுலினா ஊன்றிய ஒற்றைக் கால் தடம் புதிதாக இருந்தது. வேறு யாருடைய தடமும் இல்லை. பின்னால் ஐம்பதடியில் எங்கள் வண்டியும் லாரியும் போட்ட கோடுகளைத் தவிர வேறு எந்தச் சக்கரத்தின் கோடும் இல்லை.

எங்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவன் லாரியில் வீடு வந்து சேர்ந்தோம்.

மூன்றாம் நாள் கவ்ரில் வந்தான். அடுப்படியில் உட்கார்ந்தான். தேநீரைத் தொடவில்லை.

அன்று வழியில் சாம்பல் நிற வேன் ஒன்றைப் பார்த்து நிறுத்தியிருக்கிறான். ஓட்டுநர் இருக்கையில் ஒருவன் உறைந்து உட்கார்ந்திருந்தான். கதவைத் திறக்கவே நாற்பது நிமிடம் போராடியிருக்கிறான். அதனால்தான் எங்களிடம் வரத் தாமதம்.

"டாக்டர் என்ன சொல்றார்னா, செத்தது முந்தின நாள் ராத்திரியாம்" என்றான்.

முந்தின நாள். நான் 2:50க்கு அவனைத் தாண்டியபோது அவன் செத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. உன்மேல் பாவம் எதுவும் இல்லை என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்லலாம். ஆனால் நான் தாண்டிப் போனது ஒரு பிணத்தை அல்ல. கையை உயர்த்திய ஒருவனை.

அகுலினா அன்றிலிருந்து நான் வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கேலி செய்வதே இல்லை.

"இதையும் பாத்துடுங்க" என்று கவ்ரில் செல்போனை நீட்டினான். போலீசில் காட்டுவதற்காக, கதவைத் திறக்கும் முன்பே கண்ணாடி வழியாக எடுத்த படம். டார்ச் வெளிச்சத்தில் அந்த முகம், அந்தத் தொப்பி. மடியில் மூடிய வலது கை. அதற்குள் ஒரு கலைமான் தோல் கையுறை. நீல மணிகள். நடுவில் ஒரு சிவப்பு மணி.

படத்தின் கீழே நேரம் இருந்தது. 4:36.

உடல் இளகி அந்த விரல்கள் விட்டுக்கொடுக்க இரண்டு நாள் ஆனதாம். கையுறையை மேசைமேல் வைத்தான். அகுலினா அதைத் தொடவில்லை. நான்தான் எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன்.

உள்ளங்கை முழுவதும் டயர்க் கரி.

நாங்கள் டயரைக் கொளுத்தியது 4:40.