சங்கிலி ஜெபத்தில் என் முறை

சமாதானம் கிடைக்கும் என்று சொல்லித்தான் என்னைச் சபைக்கு அழைத்துப் போனார்கள். எனக்குக் கிடைத்ததோ அரிப்பு. உடம்பில் இல்லை. உள்ளே, இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத இடத்தில். அது வருவதற்கு முன்னால் நான் நன்றாகத்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் பின்பாதி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது கிடைக்கும்வரை இருக்கலாம் என்று அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் வாடகைக்கு வந்து, அந்தக் கிடைக்கும்வரைக்குள்ளேயே இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்தவன் நான். சொந்த ஊர் தெற்கே. பரம்பரைக் கிறிஸ்தவன்தான் என்றாலும், மேனாம்பேட்டுச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த பிறகுதான் என்னையும் ஒரு விசுவாசியாக எண்ணினார்கள்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் நான் முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரு சகோதரர் எழுந்து, சாராயக் கடை வாசலிலிருந்து தேவன் தன்னைத் தூக்கியெடுத்த கதையைச் சொல்வார். அடுத்தவர் சீட்டுக்கட்டை அடுப்பில் போட்ட கதையைச் சொல்வார். விட்டுவிட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. பெரிய பாவம் செய்ய வேண்டுமென்றாலும் எழுந்து உட்கார வேண்டும் அல்லவா? நான் ஷிப்ட் முடிந்து வந்தால் பாயை விரிக்கிறவன். பாய்க்கும் எனக்கும் நடுவே எந்தப் பாவமும் நுழைய இடமில்லை.

ஆனால் ஜெபத்தில் நான் புலி. நான் வாயைத் திறந்தால் மூன்றாவது வீட்டில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். பக்தியினால் இல்லை, அதற்கு மேல் பாட்டு கேட்காது என்பதனால்.

கிருபை நமக்குச் சும்மா கிடைக்கிறது, கிடைத்த பிறகு அது நம்மைச் சும்மா இருக்க விடாது என்று எங்கள் பாஸ்டர் அடிக்கடி சொல்வார். முதல் பாதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பக்கத்து போர்ஷன்காரர் மேனாம்பேட்டுக்காரரே. அவருடைய அப்பா அங்கே வயலில் கூலி வேலை செய்தவர். வயல் போய் கம்பெனிகள் வந்தபோது மகன் லாரியில் லோடு ஏற்றப் போனார். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தால் சுவரைத் தட்டுவார். மறுநாள் தெருக் குழாயடியில் பார்க்கும்போது, "இன்னா அல்லேலூயா, உன் சாமிக்கு காது டமாரமா?" என்பார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் என் பெயர் அல்லேலூயா.

ஒரு மழை நாளில், இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டிருந்தவர் லாரி மேலிருந்து சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்து, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் அவர் மனைவியிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், புண் விழுந்தால் ஆழமாகப் போகும், விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று. அந்த அம்மாளோ காற்றடித்தால் சாய்கிற உடம்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட் பேக்கிங் செய்யும் வேலை. அதற்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. காலையில் கணவரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போவார், மாலையில் வந்துதான் மறுபக்கம். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து மாற்றுவார். பகல்தான் அந்த மனிதரைத் தின்றது.

சபையார் போய் ஜெபிக்கலாம் என்று முடிவானது. அந்த அம்மாள் எந்தச் சாமி வந்தாலும் சரி என்கிற நிலைமையில் இருந்தார். ஒரு விடுமுறை நாளில் கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டோம். பாஸ்டர் என்னை ஜெபிக்கச் சொன்னார். நான் ஆதியாகமத்தில் தொடங்கினேன். போகப் போக அறையில் ஒரு நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது. கண்ணை மூடிவிட்டோம், மூக்கை மூடுவதற்கு யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. கரையான்சாவடியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்த சகோதரர், வெள்ளை வேட்டி கசங்காமல் முழங்காலில் நிற்கத் தெரிந்த ஒரே மனிதர், கண்ணீரைத் துடைப்பதுபோல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்த நான் அதை எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

நான் செங்கடலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அல்லேலூயா, கொஞ்சம் நிறுத்துபா. என் முதுவு எனுக்குத் தெர்ல. ஆனா நாத்தம் தெர்து. உனுக்கும் தெர்து. முதல்ல என்னிய பொரட்டிப் போடு. அப்பால உன் சாமிய கூப்டு."

நாலைந்து பேர் சேர்ந்து, நாலைந்து திசையில் இழுத்து, ஒருவழியாகப் புரட்டினோம். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். அதை அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. ஜெபத்தைத் தொடர்வதா முடிப்பதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் தணிந்த குரலில் ஆமென் சொன்னார். செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் பாயை விரித்தேன். இடப்பக்கம் படுத்தேன், சரியில்லை. வலப்பக்கம் புரண்டேன். யாரும் வந்து புரட்டாமல் நானாகவே புரண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு எந்தப் பக்கமும் படுக்க முடியவில்லை. மல்லாந்தால் முதுகு இருப்பது தெரிந்தது.

"என்ன, மூட்டப்பூச்சியா? இப்படி உருண்டுக்கிட்டுக் கெடக்கிய" என்றாள் மனைவி.

இதைத்தான் அரிப்பு என்றேன். ஜெபித்துப் போக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு வார்த்தை சொல்வதற்குள், நீ இங்கே என்னடா செய்கிறாய் என்று எதிர்க்கேள்வி வருகிறதுபோல் இருந்தது. எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இன்னா, உன் சாமிய இங்கியே உட்டுட்டுப் பூட்டியா?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"இல்ல அண்ணாச்சி. பக்கம் மாத்தி விடலாம்னு வந்தேன்."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சினுகீறேன்?"

முதல் தடவை அவரைத் தனியாகப் புரட்டப்போய் நானும் அவர் மேல் விழுந்தேன். ஒரு ஆளைப் படுக்க வைத்தது போதாதென்று உன் சாமி உன்னையும் துணைக்கு அனுப்பிவிட்டாரா என்று கேட்டார். பிறகு அவர் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டிக்கொடுத்ததை எனக்குக் காட்டினார். உடம்புக்கு அடியில் ஒரு பழைய போர்வையை விரித்து, ஆளை இழுக்காமல் போர்வையை இழுக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, முதுகுக்கு அண்டை கொடுத்து இன்னொன்று. மாலை ஷிப்டும் இரவு ஷிப்டும் வந்த வாரங்களில் பகலெல்லாம் போய்ப் போய் மாற்றினேன். என் தூக்கம் போனது. பள்ளத்தின் ஓரம் கொஞ்சம் சிவந்து நல்ல சதை தெரிந்தது.

அப்புறம் பகல் ஷிப்ட் வாரம் வந்தது. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறேன், கண் சுவர்க் கடிகாரத்தில். இப்போது மாற்ற வேண்டும். இப்போதும் மாற்றவில்லை. அடிக்கடி கழிப்பறைக்குள் போய் நின்று ஜெபித்துவிட்டு வந்தேன். வயிறு சரியில்லையா என்று சூப்பர்வைசர் அக்கறையாக விசாரித்தார். அந்த வாரக் கடைசியில் பார்த்தால் புண் மறுபடி ஈரமாகியிருந்தது. அவருக்குக் காய்ச்சல் வேறு. அவர் மனைவி போர்வையை வெகுநேரம் அலசிக்கொண்டிருந்தார்.

ஆண்டவரிடம் சண்டைக்கே போனேன். கிருபை கொடுத்தீர், சரி. கூடவே லீவும் கொடுக்க வேண்டாமா என்று. வந்து பக்கம் மாற்றிவிட முடியுமா என்று சபையில் மற்றவர்களிடம் கேட்டேன். பாரத்தோடு ஜெபிக்கிறோம் பிரதர் என்றார்கள். அந்தப் பதிலைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் கோபப்படவும் வழியில்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த குறும்புக்காரன் விழித்துக்கொண்டான். எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய தேவை ஒன்று வந்தால் ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் தொடங்குவார், நடுவில் அறுபடக்கூடாது. அறுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அடுத்த ஞாயிறு எல்லோரும் அவரை அன்போடு பார்ப்பார்கள். அதற்குத் திட்டே தேவலாம்.

வாரக்கூட்டத்தில் எழுந்து, பக்கத்து வீட்டுக்காரருடைய புண் ஆறும்வரை பகல்நேரச் சங்கிலி ஜெபம் வைக்க வேண்டும் என்றேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அதைக் கட்டிலருகேயே வைத்தால் விசுவாசம் பெருகும் என்றேன். அதற்கும் ஆமென். முழங்கால் போடுவதற்கு முன்னால் கையால் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றேன். அதற்கு ஆமென் வரவில்லை. பாஸ்டர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். பிறகு, காலை முதல் முறையைத் தனக்குப் போட்டுக்கொண்டார்.

எங்கள் சபையில் பாதிப்பேர் ஆவடியிலும் எஸ்டேட்டிலும் ஷிப்ட் வேலைக்காரர்கள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தூக்கங்களையெல்லாம் பறித்துத்தான் சங்கிலியைக் கட்டினோம். மத்தியானம் துணிக்கடைக்காரருக்கு விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, கரையான்சாவடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். முதல் நாள் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு நுழைந்தாராம்.

"இன்னா நைனா, கொள்ளையடிக்க வந்த எடத்துல ஒண்ணியும் இல்லியேன்னு பாக்குறியா?" என்று கேட்டிருக்கிறார் கட்டிலில் கிடந்த நம்மவர்.

நம்மவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். புரட்டிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம், ஆனால் மனசுக்குள். எங்கள் ஆட்களுக்கு அது கடினமான உபவாசம். வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறந்தார்கள். ஒருவர் அவருக்கு முகச்சவரம் செய்துவிட ஆரம்பித்தார். என் மனைவி கஞ்சி அனுப்பினாள். துணிக்கடைக்காரர் எந்த நாளில் கைக்குட்டையை அவிழ்த்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பார்த்தபோது அதை நனைத்து நம்மவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை கசங்கியிருந்தது.

மாதங்கள் ஆயின. பள்ளம் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. அப்புறம் பொட்டளவு. கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இனி கட்டுப் போட வேண்டாம், ஆனால் பக்கம் மாற்றுவதை விட்டால் மறுபடி திறந்துகொள்ளும் என்றார்.

ஜெபத்தில் கேட்டது கிடைத்துவிட்டது. வழக்கப்படி அந்த ஞாயிறு மாலை அவர் வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம். கைதட்டிப் பாடினோம், அன்றைக்கு மட்டும் சத்தத்துக்கு அனுமதி. சங்கிலி முடிந்தது என்று பாஸ்டர் அறிவித்தார். எல்லோரும் அழுதார்கள். காப்பி குடித்தார்கள். கூட்டம் கலையும்போது கட்டிலில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நாளிக்கு யார்பா வருவா?"

புண் ஆறும்வரை என்று கெடு வைத்தவனே நான்தான். புண் ஆறிவிட்டதே. மறுநாள் எனக்குப் பகல் ஷிப்ட் வேறு.

மறுநாள் காலை ரயிலில் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவர் எந்தப் பக்கம் படுத்திருப்பார் என்பதோடு இன்னொன்றும் சேர்ந்து குடைந்தது. இத்தனை மாதம் வந்தார்களே, கிருபை வந்து அவர்களை மாற்றியதா, அல்லது என் தந்திரத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்களா? தந்திரம் என்றால் நேற்றோடு முடிந்தது. அவரும் முடிந்தார். இயந்திரத்தை ஓட்டினேன், எதை ஓட்டினேன் என்று தெரியாது. மத்தியானத்துக்கு மேல் தாங்காமல், வயிற்றுவலி என்று சொல்லி கேட் பாஸ் வாங்கினேன். என் கழிப்பறை ஊழியத்தை அறிந்திருந்த சூப்பர்வைசர் உடனே நம்பினார்.

அம்பத்தூரில் இறங்கி ஓடினேன். ரயில்வே கேட் போட்டிருந்தது, குனிந்து நுழைந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு காட்சி. அவர் காலையில் படுத்த அதே பக்கமாகக் கிடக்கிறார், நான் கதவைத் திறக்கிறேன், அவர் கண்ணில் நீர் முட்டுகிறது. ஓடும்போதும் இப்படி யோசிக்கிற ஆள் நான்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே சண்டை.

"செவுத்தப் பாத்துகினு எவ்ளோ நேரம் கெடக்கறது? தெருப் பக்கம் திருப்பு."

"தெருப் பக்கம் காலையிலதான் ஆச்சு. சொன்னாக் கேளுங்க."

உள்ளே போனேன். துணிக்கடைக்காரர் போர்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அவருடைய சாப்பாட்டுக் கேரியர் திறந்தபடி ஜன்னலில் இருந்தது.

"பிரதர், சங்கிலி முடிஞ்சிருச்சே" என்றேன்.

"தெரியும் பிரதர். கடையிலயே சாப்பிட உக்காந்தேன். சோறு எறங்கல. எந்தப் பக்கமா படுத்திருக்காரோன்னு ஒரே இதுவா இருந்துச்சு." அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

காலையில் பாஸ்டர் வந்துபோனாராம். அப்புறம் இரவு ஷிப்ட் முடித்த சகோதரர் ஒருவர், தூக்கக் கண்ணோடு. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையாம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான். கூடவே, அவரை நான் காப்பாற்ற விடாமல் செய்துவிட்டார்களே என்று லேசாக ஒரு ஏமாற்றமும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"நீ இன்னாத்துக்கு வேலய உட்டுட்டு ஓடியாந்த?" என்றார் கட்டிலில் இருந்தவர். "சரி, வந்தது வந்துட்ட. அந்தத் தலகாணிய எட்து முதுவாண்ட வை."

வைத்தேன்.

"அங்க இல்ல, கீழ" என்றார்கள் இருவரும்.