அரை நூல்

பூட்டு ரிப்பேர் செய்கிறவரை எல்லோரும் 'அரைநூல்' என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் முன்னே பின்னே போனால் மற்றவர்கள் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். இவர் அரை நூலுக்கே சண்டைக்கு நிற்பார். வீட்டில் சாப்பாட்டு மேசை லேசாக ஆடினால்கூடக் குனிந்து பார்த்து, "இந்தக் கால் அரை நூல் கட்டை" என்று சொல்லி, அட்டையை மடித்து அடியில் வைத்த பிறகுதான் தட்டில் கை வைப்பார்.

அவருக்குத் தொழிலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்த பூட்டுகளை வாங்கி வந்து, பிரித்து, திரும்ப மாட்டிப் பழகினார். மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தால் மறுபடியும் பிரிப்பார். நாலரை அடி அகலக் கடை. ஒரு பக்கம் அரங்கள், முரட்டு அரத்திலிருந்து நைஸ் அரம் வரை வரிசையாக. இன்னொரு பக்கம் கம்பியில் கோத்த வெட்டாத சாவிகள். எதிரே சுவரில் தனியாக ஓர் ஆணி. அதில் ஒரே ஒரு சாவி தொங்கும். அது எந்தப் பூட்டின் சாவி என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால், அரைநூலுக்கு அன்றைக்குக் காது கேட்காது.

அது தேவாலயத்துச் சாவி.

ஆறு வருடத்துக்கு முன் ஆலயத்துக்குப் புதுக் கதவு போட்டார்கள். கதவு செய்தவர் அரைநூலின் மனைவிக்கு அண்ணன், தச்சர். பூட்டு போட்டவர் அரைநூல். சனிக்கிழமை பூட்டி வைத்த கதவு ஞாயிற்றுக்கிழமை திறக்கவில்லை. சபை முழுக்க வெளியே நின்றது. நாலு பேர் சேர்ந்து இடித்துத் தள்ளித்தான் திறந்தார்கள். அப்போது தச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை போட்ட பூட்டு ரொம்ப நல்ல பூட்டு. திருடனும் உள்ள வர முடியாது, விசுவாசியும் உள்ள வர முடியாது" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அரைநூல் சிரிக்கவில்லை. "பூட்டுல தப்பு இல்ல. கதவு தொங்குது. அத உங்க வாயால சொல்ற வரைக்கும் நான் இந்த வாசப்படி தாண்ட மாட்டேன். என் பூட்டுல யாராச்சும் கை வெச்சா, சொந்தமும் அத்தோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க ஆரம்பித்தார்.

மனைவி அண்ணனையும் விடவில்லை, கணவனையும் விடவில்லை. சட்டைக் கம்பெனியில் ஆறு நாள் பட்டன் சரிபார்த்துவிட்டு, ஏழாம் நாள் எட்டரை மணி ஆராதனைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். அரட்டை அடிக்கத்தான் இவ்வளவு சீக்கிரம் போகிறாள் என்று அரைநூல் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு வாரம் எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். ஞாயிறு காலை இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அரைநூல் கேட்டார்.

"கையக் கட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?"

"ஞாயித்துக்கிழம எங்க கிளம்புவாங்க?"

"ஒரு வாரம் போகலன்னா கர்த்தர் கோவிச்சுக்குவாரா?"

"அவர் கோவிச்சுக்க மாட்டார். அதுக்குன்னே வீட்ல ஒருத்தர் இருக்கார்."

அரைநூல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பஸ் குலுங்கினால் தோள் வலிக்கும் என்று அவள் மெல்ல நடந்தே போனாள். அதனால் தாமதமானது.

எட்டே முக்காலுக்குக் கடை முன்னால் ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் தச்சர். ஆறு வருடத்தில் அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறார். நின்றது இதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை."

அரைநூல் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"சர்ச் சாவி உடைஞ்சிருச்சு. பாதி பூட்டுக்குள்ள இருக்கு, பாதி பாஸ்டர் கையில இருக்கு. நூறு பேர் வெயில்ல நிக்கிறாங்க."

"மார்க்கெட் பக்கம் வேற பூட்டுக்காரர் இருக்காரே."

"வந்து பாத்தார். பூட்ட உடைச்சுத்தான் எடுக்கணும்னார். சரி உடைங்கன்னு சொல்றதுக்குள்ள உங்க வீட்டம்மா கதவுக்குக் குறுக்க போய் நின்னுட்டா."

"ஒத்தக் கையோடவா?"

"ஒத்தக் கையோடதான். அந்த ஆளு சுத்தியலப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டார்."

அரைநூல் அரத்தைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். கருவிப் பையை எடுத்தார். பிறகு ஆணியில் தொங்கிய சாவியையும் எடுத்தார். தச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"இத இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"பூட்டு இருக்கிற வரைக்கும் சாவி இருக்கணும்ல. ஆனா நான் வாசல்ல வேலைய முடிச்சுட்டுத் திரும்பிருவேன். உள்ள எல்லாம் வர மாட்டேன்."

"உங்கள யாரு மாப்பிள்ளை உள்ள கூப்பிட்டா?"

மொபெட்டில் இரண்டு பேருக்கும் நடுவே கருவிப் பை உட்கார்ந்து வந்தது.

ஆலய முற்றத்தில் பாட்டு ஆரம்பமாகியிருந்தது. கீபோர்டு உள்ளே மாட்டிக்கொண்டதால், அதை வாசிக்கிற ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் வாயாலேயே சுதி கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் படிகளில் தாளம் தட்டினார்கள். போதகர் அந்தச் சபைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இளவயசு. உடைந்த சாவியின் தலைப்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார். அரைநூலின் மனைவி கதவில் சாய்ந்தபடி நின்றாள். கணவனைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டாள்.

அரைநூல் முழந்தாளிட்டுச் சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மெல்லிய ரம்பத் துண்டு ஒன்றை உடைந்த சாவியின் பக்கவாட்டில் செருகினார். ரம்பத்தின் பற்கள் சாவியைக் கவ்வினால் கூடவே வெளியே வரும். முதல் இரண்டு தடவை வழுக்கியது. பின்னால் பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பாட்டுக்கு அவரும் அடிக்குரலில் சேர்ந்து பாடியவர். உதடு அசையப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை துண்டு வெளியே வந்தது. "அல்லேலூயா!" என்று கண்டக்டர் விசில் மாதிரி கத்தினார். முற்றமே கை தட்டியது.

தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். பாதி திரும்பி நின்றுவிட்டது.

"சார், தூக்கணுமாம்" என்றார் போதகர் தயங்கித் தயங்கி. "எனக்கு யாரும் சொல்லல. காலைல நானே தனியா வந்து பலமா திருப்பிட்டேன்."

"என்னத்தத் தூக்கணும்?"

பாட்டு நின்றது. தச்சர் செருப்பைப் பார்த்தார். கண்டக்டர் மரத்தைப் பார்த்தார்.

"கதவத்தான்" என்றாள் மனைவி. "நான் தோள் கொடுத்து லேசா தூக்குவேன். அண்ணன் சாவியத் திருப்புவார். இன்னைக்குக் கையக் கட்டிக்கிட்டு நடந்து வர லேட்டாயிருச்சு, அதான் இவ்வளவும்."

"எத்தன நாளா?"

"நீங்க வராத நாளா."

அப்போதுதான் அரைநூல் கதவைச் சரியாகப் பார்த்தார். பூட்டுக்கு மேலே, அவள் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீல பெயிண்ட் தேய்ந்து போயிருந்தது. மரம் வழவழவென்று மின்னியது. ஒரு வருடம் இடித்தால் தேயாது, இரண்டு வருடத்திலும் தேயாது என்று அவருக்குத் தெரியும்.

"நல்ல பூட்டா வேற ஒண்ணு போட்டிருக்கலாமே" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"போட்டிருக்கலாம்" என்றார் கண்டக்டர். "கமிட்டியில நாலு தடவ பேசினோம். நாலு தடவையும் உங்க வீட்டம்மா, 'அவர் பூட்டு போச்சுன்னா அவர் வர வழியும் போச்சு'ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நாங்களும் தூக்கிப் பழகிட்டோம்."

அரைநூல் சாவியைப் பிடித்தார். "தூக்குங்க மச்சான்" என்றார்.

தச்சர் தேய்ந்த இடத்தில் தோளை வைத்தார். சாவி திரும்பியது. கதவு திறந்தது. காத்திருந்தவர்கள் இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் உள்ளே போனார்கள். கடைசியாகப் போன மனைவி அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வேலை பாதியில் கிடந்தது. கதவு ஏன் தூக்கினால்தான் திறக்கிறது என்று தெரியாமல் அவரால் படியிறங்க முடியாது. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக் கதவின் ஓரத்தில் தொங்கவிட்டார். கயிறும் கதவும் மேலிருந்து கீழ்வரை ஒட்டி நின்றன. மறுபடியும் பார்த்தார். கதவு தொங்கவில்லை. ஆறு வருடமாகத் தொங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த கதவை அவர் இன்றைக்குத்தான் அளக்கிறார்.

நிலையில் தாழ்ப்பாள் போய் விழுகிற தகட்டைக் கழற்றினார். தகட்டுக்கு அடியில் ஒரு பென்சில் கோடு இருந்தது. கோட்டின் முனையில் சின்னக் கொக்கி. அது அவருடைய வழக்கம். கோட்டைச் சரியான இடத்தில்தான் போட்டிருந்தார். தகட்டைத்தான் அதற்கு மேலே அடித்திருந்தார். இப்போது ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமை இருட்டுகிற நேரம். மரத்தில் ஒரு கணு. ஸ்க்ரூ இறங்காமல் அடம் பிடித்தது. கொஞ்சம் மேலே தள்ளி முடுக்கிவிட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் கோட்டை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தகட்டைக் கீழே இறக்கி முடுக்கினால் கோடு மறைந்துவிடும். கதவை இழைத்துச் சரிசெய்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே போதகர் ஆரம்ப ஜெபத்துக்கு எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தார்.

"மச்சான்," என்றார் அரைநூல். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். சத்தமாக வந்துவிட்டது. "கொஞ்சம் வாங்க. இதப் பாருங்க."

ஜெபத்துக்கு எழுந்த சபை வாசல் பக்கம் திரும்பியது. தச்சர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. அரை நூல்தானே?"

"இல்ல மச்சான். அரை நூலுக்கு ஒரு மயிரிழை கூடவே இருக்கு. உங்க கதவு சரியா இருக்கு. நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்."

தச்சர் தாடியைச் சொறிந்தார். "நானும் அன்னைக்கு வாய அடக்கியிருக்கலாம். ஒரு சிரிப்புக்கு ஆசப்பட்டு ஆறு வருஷம் உங்கள வெளிய உக்கார வெச்சுட்டேன்" என்றார். பிறகு, "கணுவ நான் துளைச்சுத் தர்றேன். பழைய ஓட்டைக்கு ஆப்பு வேணுமே?" என்று கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

போதகர் நல்லவர். "நாம இன்னொரு பாட்டு பாடுவோம்" என்றார். அந்தப் பாட்டு முடிவதற்குள் தச்சர் மரக்குச்சியைச் சீவி ஓட்டைகளை அடைத்தார், கணுவைத் துளைத்தார். அரைநூல் தகட்டைக் கோட்டின்மேல் வைத்து முடுக்கினார். கடைசிச் சரணத்தில் கதவைச் சாத்தி ஒரே விரலால் சாவியைத் திருப்பினார். டக். திறந்தார். டக். மூன்றாவது தடவைக்குத் தேவையே இல்லை. ஆனாலும் திருப்பிப் பார்த்தார். கதவு உள்பக்கமாகத் திறந்தபோது அவரும் கூடவே உள்ளே நின்றார். எப்போது வாசற்படி தாண்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் இருந்தாள். பக்கத்து இடத்தில் எப்போதும் அவளுடைய கைப்பை இருக்கும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சபையில் பிரசங்கத்துக்கு முன் நன்றி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஆளுக்கு ஒரே வாக்கியம்தான். கண்டக்டர் ஒரு தடவை நாற்பது நிமிடம் பேசிய பிறகு வந்த சட்டம் அது. ஓர் அம்மா மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி சொன்னாள். போதகர், தன் முரட்டுக் கையை இந்தச் சபை மன்னித்ததற்கு நன்றி சொன்னார். அரைநூல் எழுந்தார். கையில் ஒட்டியிருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்தார்.

"என் வீட்டுக்காரி தோளுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு ஆறு வருடத்துக்கு முந்தியதைவிடப் பெரிதாக எழுந்தது. இந்தத் தடவை அவரும் சிரித்தார். மனைவி பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டுக்கு அடிக்குரல் ஒன்று கூடியதைக் கவனித்த கண்டக்டர், கீபோர்டிலிருந்தபடியே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆராதனை முடிந்து மரத்தடியில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பிள்ளைகள் முறை வைத்து ஆலயக் கதவைப் பூட்டித் திறந்து விளையாடினார்கள். ஒவ்வொரு டக்குக்கும் அரைநூல் டீயைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார். தச்சர் தன் பன்னில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்து, "சரியா பாதி. அளந்து பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்றார்.

"உங்க பாதி கொஞ்சம் பெருசு மச்சான்."

எல்லோரும் கிளம்பிய பிறகு அரைநூல் சாவியை மனைவியின் இடது கையில் கொடுத்தார். அவள் பழக்கத்தில் இடது தோளைக் கதவில் வைக்கப் போனாள்.

"வேணாம். சும்மா திருப்பு."

இரண்டு விரலால் திருப்பினாள். டக்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் தேய்ந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள். "இதுக்கு பெயிண்ட் அடிக்கணும்."

"அதுல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது" என்றார் அரைநூல்.

"சரி. அடுத்த வாரம் நான் அரை மணி நேரம் கூடத் தூங்குவேன். நீங்க சீக்கிரம் எழுந்து வந்து திறங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். அவர் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.