மயில்கழுத்து ஜாக்கெட் பிட்

என் கைப்பையின் ஜிப் பிய்ந்துபோய் ஒரு மாதமாக ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். கல்யாணச் சீராக வந்த தையல் மெஷின் தூசி படிந்து கிடக்கிறதே, நாமே தைத்துவிடலாம் என்று ஒரு வீராப்பு. செல்போனில் ஒரு பெண் கால் மணி நேரத்தில் தோள்பை தைத்து மாட்டிக் காட்டினாள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

வெளிப்புறத்துக்கு வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ் பேண்ட். முட்டியில் கிழிந்திருந்தாலும் தொடைப் பக்கம் இன்னும் கல் மாதிரி இருந்தது. உள்ளே கொடுக்கும் லைனிங்குக்கு மெல்லிய துணி வேண்டும். பீரோவின் மேல்தட்டில் ஜாக்கெட் பிட்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று போன இடமெல்லாம் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. அவற்றைப் பெரும்பாலும் யாரும் தைப்பதில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு நாமும் அதையே வைத்துக் கொடுத்துவிடுவோம். சில துணிகள் இப்படியே சுற்றி, மடிப்புக் கலையாமல் முதலில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்ததும் உண்டு.

அந்த அடுக்கில் நான் கை வைக்கவில்லை. குனிந்து, மெஷினுக்கு அடியில் இருந்த வெட்டுத்துணி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு ஜாக்கெட் பிட்டை எடுத்தேன். மயில்கழுத்து நிறம், சின்னச் சின்ன ஜரிகைப் புட்டா. மடிப்புக்கூடக் கலையாத புதுத் துணி. புதுத் துணிக்கு வெட்டுத்துணி மூட்டையில் என்ன வேலை என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதைக் கொடுத்தவள் கம்பெனியில் எனக்குப் பக்கத்து இடத்தில் வேலை செய்கிறவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு வயர் கட்டும் லைனில் இருக்கிறோம். அவள் டேப் சுற்றித் தள்ளினால் நான் கிளிப் மாட்டுவேன். ஐந்து வருடமாக இப்படித்தான். என்னைவிட நாலு வயது சின்னவள். நான் வந்து நிற்கிற தோரணையைப் பார்த்தே தலைவலியா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவாள். இருவருக்கும் ஒரே கம்பெனி வேன். காலனி நிறுத்தத்தில் அவள் முதலில் ஏறி, ஊர் நிறுத்தத்தில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் என் மாமனார் வயலில் நாற்று நட்டவர்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டது மட்டும் இல்லை.

கம்பெனிக்குள் நான் ரொம்ப நல்லவள். கேண்டீனில் அவள் தட்டிலிருந்து அப்பளம் எடுத்துத் தின்பேன். அங்கே யார் சமைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வேன் எங்கள் ஏரிக்கரையில் திரும்பியதும் நான் வேறு ஆள். ஒரு தடவை வேனில் விட்டுவிட்ட என் போனைக் கொடுக்க அவள் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பேசினேன். தண்ணீரும் கொடுத்தேன், செம்பில் இல்லை, பிளாஸ்டிக் பாட்டிலில். பாட்டிலை நீயே எடுத்துக்கொண்டு போ, வழியில் குடிக்கலாம் என்று கரிசனமாக வேறு சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

போன வருடம் அவள் புது வீடு கட்டிக் குடிபோனாள். ஊரிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். இலை போட்டதும், வெள்ளிக்கிழமை விரதம் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் முகம் ஒரு நொடி வாடி, உடனே சரியானது. உள்ளே போய் மூடி திறக்காத கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். திறக்காத பாட்டிலாகப் பார்த்து எடுத்துவர வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு அந்தத் துணியை வைத்துக் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்தது வேறு, கட்டாக வாங்கிய சாதாரணத் துணி. என் காதருகே வந்து சொன்னாள்.

“உனக்கும் எனக்கும் ஒரே துணில வெட்டி வாங்கினு வந்தேங்கா. ஆயுத பூஜைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா போட்டுக்கலாம்.”

கம்பெனியில் யூனிஃபார்ம் இல்லாமல் புடவை கட்டிக்கொண்டு போகிற ஒரே நாள் அது. எங்கள் லைனில் யார் என்ன கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அந்தத் துணியை மற்ற துணிகளோடு வைக்கக் கை எழவில்லை. மாமியார் ஏதோ சொன்னார் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். பாவம், அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், என்ன கொடுத்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மோட்டார் போட வயலுக்குப் போயிருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் பீரோவைச் சாத்தினேன், நானாகத்தான் அதை வெட்டுத்துணி மூட்டையில் செருகினேன்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன், அவன் இழுத்தடிக்கிறான் என்று மழுப்பினேன். எந்த டெய்லர் என்று அவள் கேட்கவில்லை.

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு துணிகளை விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மற்றவற்றை நாளைக்கு யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம். அவள் கையால் வந்ததை அப்படிக் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. உடுத்தவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. கத்தரிக்கோல் வைக்கத் தோதாக இருந்தது அது ஒன்றுதான். நல்ல துணி வீணாகாமல் உபயோகப்படுகிறதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வெட்டினேன்.

ஜீன்ஸ் மடிப்பில் இரண்டு ஊசி உடைந்தது. தோள்வார் முறுக்கிக்கொண்டது, பிரித்துத் திரும்பத் தைத்தேன். வெளித்துணியையும் லைனிங்கையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்கச் சேர்த்துத் தைத்து, லைனிங்கின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு வழி விட வேண்டும். அந்த வழியாக மொத்தப் பையையும் வெளியே இழுத்துத் திருப்பிவிட்டு, கடைசியில் கையால் அதை மூட வேண்டும். நான் மூடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, கண்ணும் எரிந்தது. உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மேலே ஒரு டிச் பட்டன் வைத்ததும் பை கடைப் பை மாதிரியே ஆகிவிட்டது.

திங்கட்கிழமை வேனில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அவளும் தோளில் மாட்டிப் பார்த்து, எனக்கும் ஒன்று தைத்துக் கொடு என்றாள். அவள் பட்டனைத் திறந்துவிடக் கூடாதே என்று சிரித்தபடியே பையைப் பிடுங்கிக்கொண்டேன்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து கேட்டில் வரிசையில் நின்றோம். வயர் முனையில் மாட்டும் செம்புத் துண்டுகள் காணாமல் போவதாகப் பேச்சு, அதனால் பையைத் துழாவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். சோதிக்கிற செக்யூரிட்டி அம்மாவின் கை நான் மூடாமல் விட்ட வழிக்குள் போய்விட்டது. ரகசிய அறை என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். பையில் இருந்ததையெல்லாம் மேஜைமேல் கொட்டி, லைனிங்கைப் பிடித்து முழுசாக வெளியே இழுத்தார். மயில்கழுத்து நிறமும் ஜரிகைப் புட்டாவும் வெயிலில் பளபளத்தன. எனக்கு அடுத்து நின்றவள் அவள்தான்.

செம்பு எதுவும் இல்லை, போ என்றார் செக்யூரிட்டி அம்மா. திருட்டுக் குற்றம் சாட்டி உட்கார வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. லைனிங்கை உள்ளே தள்ளத் தள்ள அது வெளியே வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

வேனில் எனக்கு முன்பே ஏறியிருந்தாள். ஜன்னலோர இடம் வழக்கம்போல எனக்காகக் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். ஏரிக்கரை வருவதற்குச் சற்று முன் அவள் என் மடியிலிருந்த பையை எடுத்து, பட்டனைத் திறந்து, பிரிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

“இன்னாக்கா இப்ப,” என்றாள், கோபமில்லாத குரலில். “உள்ள தான வெச்சிக்கீற. வெளிய நிக்க வெக்கல இல்ல.”

பட்டனைப் போட்டுப் பையை என் மடியில் திரும்ப வைத்தாள். ஊர் நிறுத்தம் வந்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, நான் இறங்கக் காலை ஒதுக்கி வழி விட்டாள்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டேன். அந்த நாலு விரல் இடைவெளியையும் கையால் தைத்து மூடினேன். மறுநாள் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் கிளிப் மாட்டிவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அவள் மஞ்சள் புடவைக்கு மயில்கழுத்து ஜாக்கெட் போட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறியிருந்தாள். நான் பழைய சிவப்பு ஜாக்கெட்டில் போனேன். கம்பெனியில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்த பிறகு எங்கள் லைன் பெண்கள் வட்டமாக நின்றார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி போடப்போவதாக வருடம் பூராவும் சொன்னீர்களே, உன்னுடையது எங்கே என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அக்கா குட்த்துட்டாங்க. அந்த டெய்லர்தான் இன்னும் தராம பேஜாரு பண்றான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.